மேட்டுக்கு அஞ்சு, சமதரைக்கு மூணு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தில், பல்லுச் சாமியைப் பார்க்காதவனைப் பதுளைக் கடைத்தெரு மனிதனாகவே மதிக்கவில்லை. வெலிமடையிலிருந்து மாட்டுவண்டிக்காரர்கள் வந்தார்கள். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக் கங்காணிமார் கோட்டும் தலைப்பாகையுமாக வரிசையில் நின்றார்கள். சாமி தொட்டது மனிதப் பல்லை அல்ல, காரின் பின் அச்சுக்குள் இருக்கும் சக்கரத்துப் பல்லை. அதையும் தொட்டதில்லை. எட்ட நின்று திருநீறு ஊதுவார். உள்ளே பல் தானாகக் கூடும், குறையும்! ஒரு திருகாணி கழற்ற வேண்டாம். பாவம் வெள்ளைக்காரன், இத்தனை நாளும் ஸ்பானரை நம்பிக் கெட்டான்.

துணிக்கடை அலவி முதலாளிக்கு வாடகைக்கு ஓடும் ஒரு காரும், அந்தக் காரால் ஒரு தலைவலியும் இருந்தன. எஞ்சினிலிருந்து வரும் நீளத் தண்டு பல சுற்றுச் சுற்றினால்தான் பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். ஐந்து சுற்று என்றால் கார் மேடேறும், ஆனால் ஓடாது. மூன்று என்றால் பறக்கும், ஆனால் மேட்டில் மூச்சு வாங்கும். எதை வைப்பது? மூன்று மாதம் யோசித்தார். யோசித்தது வீண்போகவில்லை, முட்டாள்தனமாக முடிவெடுக்க அவ்வளவு காலம் அவருக்குத் தேவைப்பட்டது.

"ரெண்டையும் வச்சுக்கங்க மொதலாளி," என்றார் சாமி. "நம்ம மந்திரத்துல மேட்டுக்கு அஞ்சு, சமதரைக்கு மூணு. பல்லு அதுவா மாறிக்கும். ஒண்ணே ஒண்ணுங்க, எறக்கத்துல பிரேக்கைத் தொடாதீங்க. தொட்டா மந்திரம் கலைஞ்சிரும்."

பண்டாரவளையிலிருந்து ஹாலிஎலைக்கு இறக்கமாகவே ஓட்டிக் காட்டச் சொன்னார். அலவி பிரேக்கை மறந்து ஓட்டினார். கார் பறந்தது. இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் விட்டால் அம்மிக்கல்லும் பறக்கும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. ஒரு சுருள் பட்டுத்துணியைச் சாமியின் காலடியில் வைத்தார். அதோடு விட்டாரா? ஞாயிற்றுக்கிழமை பந்தயம் என்று போட்டிக் கார்க்காரன் காமிலுக்கு ஆள் அனுப்பினார். பண்டாரவளை போய்த் திரும்ப வேண்டும். தோற்றவன் அந்தப் பாதையில் வாடகைக்கு ஓட்டுவதையே விட்டுவிட வேண்டும்.

இரவுச் சோறு போட்டபோது மனைவி ஸுபைராவிடம் பெருமையாகச் சொன்னார். பிரேக் என்ற சொல்லில் அவள் கை நின்றது.

"அந்த வளைவுகள்ள பிரேக் இல்லாமயா? நீங்க பள்ளத்துல விழுந்து மௌத்தாப் போறதுக்கா பட்டுத்துணி குடுத்தீங்க?"

"ஒனக்கு மெஷினைப் பத்தி என்ன தெரியும்?"

"என்ட தையல் மெஷின்ல பெரிய பல்லும் இரிக்கி, சின்னப் பல்லும் இரிக்கி. பிடியை ஒருக்கா சுத்தினா ஊசி மூணு தரம் குத்தும். எண்ணினா தெரியும். ஒங்கட காரையும் எண்ணிப் பாருங்களே."

ஞாயிறு காலை அலவியின் வீட்டு வளவில் இரண்டு கார்கள், நடுவில் சாமி, சுற்றிலும் ஊர். பந்தயத்துக்கு முன்னால் எண்ணிப் பார்க்கச் சொல்லி, ஸுபைரா ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளை நாடாவை நீட்டினாள். டிரைவர் சின்னராசா காருக்கு அடியில் படுத்து, தண்டில் நாடாவின் ஒரு முனையை முடிந்தான். பின்சக்கரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கோடு ஒரு சுற்றுச் சுற்றி வரும்வரை காரைத் தள்ளினார்கள்.

"எத்தனை?" என்றார் அலவி.

"தண்டுல நாலு சுத்து சுத்தியிருக்குங்க மொதலாளி."

"சமதரைக்கு மூணுன்னீங்களே சாமி?"

சாமி கண்ணை மூடினார். "பொம்பளை கை பட்ட நாடா. சக்தி எறங்கிருச்சு."

"அப்ப அவர்ட காவித் துண்டையே கிழிச்சுக் கட்டுங்க," என்றது திரை. "இந்தத் தரம் மேட்டுல தள்ளுங்க."

ஊர் சிரித்தது. தெருவுக்கு ஏறும் சரிவில் பத்துப்பேர் தள்ளினார்கள். சாமியின் சொந்தத் துண்டு, சாமியின் சொந்தக் கண்ணெதிரே, நாலு சுற்றுச் சுற்றி நின்றது. ஐந்தும் இல்லை, மூன்றும் இல்லை. காரைச் செய்தவன் வைத்த அதே நாலு.

தன் கார்ப் பக்கம் நின்ற காமில் மெதுவாக முன்னால் வந்தான்.

"அலவி நானா..." என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டான். "எனக்கும் பிரேக்கைத் தொட வாணாம்னுதான் சொன்னாரு."

பந்தயம் நடந்திருந்தால்? ஒரே வளைவில், ஒரே பள்ளத்தில், இரண்டு கார்கள். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தபோது சாமி வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தார். அந்த ஓட்டத்துக்கு எந்த மந்திரமும் தேவைப்படவில்லை.

பந்தயம் நடக்கவில்லை. பாதையை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். அலவி கொழும்பிலிருந்து நிஜமான ஐந்துக்கு ஒன்று பல்சக்கரம் வரவழைத்தார். சின்னராசா ஸ்பானரால் மாட்டினான். சமதரையில் சைக்கிள்காரன் முந்திப் போனான். மேட்டில் யாரும் இறங்கித் தள்ளவில்லை. ஒன்று வேண்டுமென்றால் இன்னொன்றை விடத்தான் வேண்டும் என்று புரிந்துகொள்ள அவருக்கு ஒரு சுருள் பட்டு செலவானது.

அதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்களிடம் அவரே இந்தக் கதையைச் சொல்வார். யாராவது சாமியைத் திட்டினால் தடுப்பார்.

"அந்தாளை ஏசாதீங்க. அவருக்கு ஒரு பல்லையும் மாத்தத் தெரியாது. ஆனா எண்ணிப் பார்க்காமக் கும்புடுற ஆளை நூறு பேருக்குள்ள கண்டுபிடிக்கத் தெரிஞ்சிச்சு. என்னைப் பார்த்தவுடனே கண்டுபிடிச்சிட்டாரு. ஒங்களைப் பார்த்தா அவருக்கு என்ன தோணும்னு இன்டைக்கே யோசிச்சு வைங்க!"