ஆமா மகாராஜா

இந்த ஜூலையில் மனைவியைச் சிரங்கணிக்குக் கூட்டிப்போயே தீருவது என்று திகம்பர் சப்னீஸ் முடிவெடுத்தார். ஜூலையில் சிரங்கணிக்கு நாய்கூடப் போகாது. அதனால்தான் ஜூலை.

பெயர் திகம்பர், அதாவது திசையையே ஆடையாக உடுத்தவர், என்பதால் யாரும் தப்பாக நினைத்துவிட வேண்டாம். ஸ்வெட்டர், அதன்மேல் மழைக்கோட்டு, தலையில் குரங்குக் குல்லாய் எல்லாம் இல்லாமல் மனிதர் பால் வாங்கக்கூடப் படியிறங்கமாட்டார். மும்பை தாதரில் மூன்றாம் மாடியில் வீடு. கீழே மருந்துக்கடை, எதிரே டாக்டர், தெருமுனையில் போலீஸ் நிலையம். இதைவிட்டு ஒரு மனிதன் வேறெங்கே போய் வாழ முடியும் என்பது அவர் கட்சி.

மனைவி மந்தாகினி, சுருக்கமாக மந்தா. பெயரில் மட்டும்தான் மந்தம். சிரங்கணி கொங்கணக் கடற்கரையில் அவள் பிறந்த ஊர். அப்பா விட்டுப்போன ஓட்டு வீடு ஒன்று கடலைப் பார்த்தபடி அங்கே நிற்கிறது. அடுத்த வருஷம் கணவர் ஓய்வு பெற்றதும் அங்கே குடிபோய்விடுவது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். அவரோ வீட்டை விற்க ஒரு லாட்ஜ்காரனிடம் பேச்சுக் கொடுத்து வைத்திருந்தார். கையெழுத்துப் போட வேண்டியவள் அவள். கேட்டால் போடமாட்டாள். பயந்தால் போடுவாள்.

பயம் என்பது பெண்பிள்ளைக்கு வருவது. ஆண்பிள்ளைக்கு வந்தால் அதற்கு முன்னெச்சரிக்கை என்று பெயர். சப்னீஸ் கல்யாணம் ஆன நாளிலிருந்து முன்னெச்சரிக்கையிலேயே காலம் தள்ளியவர்.

பஸ் அவர்களை இறக்கிவிட்டு, யாரோ துரத்துவதுபோலத் திரும்பி ஓடியது. லாட்ஜுகளெல்லாம் நீலப் பிளாஸ்டிக் போர்த்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தன. மழைக்காலத்தில் மீன்பிடிக்கப் போகக்கூடாது என்பதால் படகுகளைக் கரையில் ஏற்றித் தென்னங்கீற்று போட்டு மூடியிருந்தார்கள். வரிசையாகப் பாடை கிடப்பதுபோல இருந்தது. ஆள் நடமாட்டமே இல்லை. கடல் மட்டும் சேற்று நிறத்தில் எழுந்து எழுந்து வந்தது.

"இது எப்பவும் இப்படித்தான் கத்துமா?"

"சேச்சே. சாயங்காலம் இன்னும் நல்லாக் கத்தும்."

வீட்டில் மின்சாரம் போய் மூன்று நாளாகியிருந்தது. அடுப்படியில் ஒரு தவளை, வீட்டுக்காரியைப்போல உட்கார்ந்திருந்தது. கூரையில் என்னவோ சரசரத்தது.

"மந்தா, மேலே என்ன?"

"பாம்பா இருக்கும்."

"பாம்பா?"

"அப்போ எலி இருக்காது. ஒரு கவலை விட்டுது." அவள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாள்.

"உனக்குப் பயமா இருக்குமேன்னு பாக்கறேன்."

"எனக்கா? நீங்க குல்லாயைக் கழட்டுங்க. தவளை மிரளுது."

இது சரிப்படாது, ஆள் வைத்துத்தான் பயமுறுத்த வேண்டும் என்று சப்னீஸுக்குத் தோன்றிவிட்டது. செல்போன் சிக்னல் தேடுவதாகச் சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே பிகாஜி இருந்தார், மந்தாவுக்குக் காகா, அதாவது சித்தப்பா முறை. ஊர்க்கோயிலில் எல்லோருக்காகவும் தெய்வத்திடம் முறையிடுபவர். தொண்டை அப்படி.

"இந்த வீட்டிலே பேய் கீய் இருக்குன்னு மந்தாகிட்டே கொஞ்சம் எடுத்து விடுங்களேன்."

"அங்கே ஒண்ணும் கிடையாது மாப்ளே."

"இல்லாததைத்தான் சொல்லச் சொல்றேன்."

பிகாஜி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "சரி. டீக்கு வரேன்."

வந்தார். டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டுக் குரலை இறக்கினார்.

"மந்தா, படகு பக்கம் போகாதே. கூப்பிடறவன் வந்திருக்கான். படகெல்லாம் கரையிலே சும்மா கிடக்கா, அந்தக் கீத்துக்குள்ளே படுத்துக்கறான். பேர் சொல்லிக் கூப்பிடுவான். மனுஷன்னா மூணு வாட்டி கூப்பிடுவான். அவன் ஒரே வாட்டிதான். பதில் சொன்னியோ, உன் குரலைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு உன்கூடவே வந்துடுவான்."

சப்னீஸ் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அதில் மலர்ச்சிதான் தெரிந்தது.

"அவன் இன்னும் இருக்கானா? அம்மா அவனுக்குன்னு தினம் ஒரு உருண்டை சோறு வைப்பாளே. காகா, இப்பவும் கருவாடுதான் கேக்கறானா?"

"இல்லாட்டிக் கோவிச்சுக்கறான்மா."

சப்னீஸ் டீயைக் கீழே வைத்தார். மத்தியானம் தாம் இட்டுக்கட்டச் சொன்ன பேய்க்கு இவள் அம்மா எப்போது சோறு போட்டாள்? அப்படியானால் பிகாஜி சொன்னது இட்டுக்கட்டியது இல்லையா? முதுகுத்தண்டில் ஒரு சொட்டு இறங்கியது. கூரை ஒழுகுகிறதென்று அண்ணாந்து பார்த்தார். அந்த இடத்தில் ஒழுகவில்லை.

பொழுது சாயும் நேரத்துக்கு மந்தா ஒரு குடத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். "ஒரு குடம் தண்ணி எடுத்துட்டு வாங்க. படகு தாண்டினா கிணறு."

"இப்பவா?"

"பயமா?"

"யாருக்கு?" என்று குடத்தை வாங்கிக்கொண்டார்.

மழை பொடியாகத் தூறியது. படகுகளின் பக்கம் பார்ப்பதில்லை என்று தீர்மானித்துப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒரு கீற்று அசைந்தது. காற்று, என்று சொல்லிக்கொண்டார். காற்று இருமியது. அவர் கால்கள் நின்றன.

"திகம்பராஆஆ."

"இதோ வந்துட்டேன்."

வாய் சொல்லிவிட்டது. அதன்மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. மனைவி கூப்பிட்டால் முதல் வாட்டியிலேயே பதில் சொல்லிச் சொல்லிப் பழகின வாய். இரண்டாம் அழைப்புக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். வரவில்லை. குடத்தை அங்கேயே போட்டுவிட்டு, வயதையும் ரத்த அழுத்தத்தையும் மறந்து ஓடினார்.

"மந்தா, நான் பதில் சொல்லிட்டேன்."

"எத்தனாவது வாட்டிக்கு?"

"முதல் வாட்டிக்கே."

அவள் கதவைச் சாத்தித் தாழ்போட்டாள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "காலையிலே கோயில்லே பிகாஜி காகாவை முறையிடச் சொல்லலாம். அதுவரைக்கும் பேசாதீங்க. உங்க குரல்லேதானே அவன் தொத்திக்கிட்டிருக்கான்."

விடியும்வரை சப்னீஸ் வாயே திறக்கவில்லை. அந்த வீட்டில் அவ்வளவு நிம்மதியாக மந்தா தூங்கியதே இல்லை.

கோயிலில் ஏழெட்டுப் பேர் குடையோடு கூடியிருந்தார்கள். பிகாஜி தேங்காயை ஏந்திக்கொண்டு, "நான் சொல்லச் சொல்ல எல்லாரும் ஆமா மகாராஜான்னு சொல்லணும். மாப்ளே சத்தமாச் சொல்லணும். அவருக்காகத்தான் கேக்கறோம்" என்றார். பிறகு தொண்டையைத் திறந்தார்.

"தேவா, எல்லைக் காவலா, மகாராஜா."

"ஆமா மகாராஜா."

"இந்த மும்பைக்காரர் தெரியாம வாயை விட்டுட்டார் மகாராஜா."

"ஆமா மகாராஜா." சப்னீஸின் குரல் கீச்சென்றது.

"ஒட்டினவனை உதறி விடு மகாராஜா."

"ஆமா மகாராஜா."

"கால்லே முள்ளு, வயித்திலே வலி, வழியிலே பாம்பு எதுவும் வேண்டாம் மகாராஜா."

"ஆமா மகாராஜா." இது மனப்பூர்வமாக வந்தது.

"மாமனார் வீட்டை விக்கற நினைப்பு இருந்தா அதைக் கடல்லே கரைச்சிடு மகாராஜா."

"ஆமா மகாரா..." சப்னீஸ் கடைசி எழுத்தை விழுங்கப் பார்த்தார். அதற்குள் ஊர் அதையும் சேர்த்துச் சொல்லி முடித்துவிட்டது.

"அடுத்த வருஷம் இங்கேயே குடிவந்து, ஆயுசுக்கும் உனக்குத் தேங்கா உடைக்கறேங்கறார் மகாராஜா."

சப்னீஸ் வாயை இறுக மூடிக்கொண்டார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். மழை பெய்தது. பிகாஜி குரலைத் தாழ்த்தித் தெய்வத்திடம் கோள் சொன்னார்:

"நேத்து அவனுக்கு உடனே பதில் சொன்னவர், உனக்குச் சொல்ல யோசிக்கறார் மகாராஜா."

"ஆமா மகாராஜா" என்றது ஊர்.

"அப்போ அவன்கிட்டேயே விட்டுடலாமா மகாராஜா?"

"ஆமா மகாராஜா, குடிவரேன் மகாராஜா, உடைக்கறேன் மகாராஜா" என்று சப்னீஸ் போட்ட சத்தத்தில் கோயில் மரத்துக் காக்கைகள் எழும்பிப் பறந்தன. தேங்காய் உடைந்தது.

கூட்டம் கலைந்ததும் உடம்பு லேசானதுபோல இருந்தது. கூடவே புத்தியும் திரும்பி வந்தது. பிகாஜியை ஓரமாக இழுத்தார்.

"நேத்து படகிலே இருமினது யாரு?"

"நான்தான் மாப்ளே. கீத்துக்குள்ளே ஒரே தூசி."

"நான் அவளைத்தானே பயமுறுத்தச் சொன்னேன்?"

"நீங்க நேத்துதானே சொன்னீங்க? லாட்ஜ்காரன் விஷயம் தெரிஞ்சதும், உங்களைப் பயமுறுத்தணும்னு அவ போன வாரமே ஃபோன்லே சொல்லிட்டாளே."

சப்னீஸ் மந்தாவிடம் பாய்ந்தார். "பேயே பொய். அப்போ நான் சொன்னதும் செல்லாது."

"புளுகினது பிகாஜி காகா," என்றாள் அவள், தேங்காய்ச் சில்லைக் கடித்தபடி. "ஆமான்னு சொன்னது நீங்க. கேட்டது மகாராஜா. செல்லாதுன்னு உள்ளே போய் அவர்கிட்டேயே சொல்லிட்டு வாங்க, நான் இங்கே நிக்கறேன்."

சப்னீஸ் கருவறையின் இருட்டைப் பார்த்தார். குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கூரை எங்கெங்கே ஒழுகுது?" என்றார்.