துலுக்கானத்தின் ரெண்டாவது கேசட்

துலுக்கானம் நாலாவது முறையாக வாயைத் திறந்தான். நாலாவது முறையும் வெறும் காற்றுதான் வந்தது.

நஜீர் மெஷினை நிறுத்திவிட்டுக் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினார். குமணன்சாவடியில் அவருடைய கேசட் கடைக்கு மேலே இருந்த மாடி அறை அது. நாலு சுவரிலும் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு, ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்தி, அதற்கு ஸ்டூடியோ என்று பெயர் வைத்திருந்தார். ரிக்கார்டிங் மெஷின் கோடம்பாக்கத்திலிருந்து ஒரே ஒரு நாளைக்கு வந்திருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு அது திரும்பிப் போக வேண்டும். அதில் மாட்டியிருந்த டேப்பும் ஒன்றே ஒன்றுதான்.

"இன்னா துலுக்கானம், தண்ணி குடிக்கிறியா?"

"மூணு சொம்பு குடிச்சாச்சு பாய். வயிறு பாடுது, வாய் பாட மாட்டேங்குது."

துலுக்கானத்துக்குத் திருமழிசையில் ஒரு இரும்புக் கம்பெனியில் லோடு ஏற்றுகிற வேலை. ஆனால் ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் அவனைத் தெரிந்து வைத்திருந்தது சாவு வீட்டுக்காரர்கள்தான். பதினெட்டு வருஷமாகப் பிணத்தின் கால்மாட்டில் உட்கார்ந்து கானா பாடுகிறவன் அவன். செத்தவர் பெயரைக் கேட்டுக்கொள்வான், கண்ணை மூடுவான், அந்தப் பெயரைப் பாட்டில் வைத்து இழுப்பான். கல்லும் கரையும். போன வருஷம் அண்ணனூரில் நடந்த ஒரு பெரிய சாவில் அவன் பாடியதை நஜீர் டேப்ரிக்கார்டரில் பிடித்துக் கேசட்டாகப் போட்டார். டீக்கடை, சலூன், லாரி என்று எல்லா இடத்திலும் அது ஓடியது.

வந்தது வினை. முன்பெல்லாம் சாவு வீட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் அவனைத் தெரியும். கேசட் வந்தபிறகு எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எந்த வீட்டு வாசலில் நின்று அவன் பேசினாலும் சரி, யாராவது ஒருத்தர் உள்ளே போய்ப் பெரியவருக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்பி வருவார். நல்ல காரியத்துக்கு அவனைக் கூப்பிட யாருக்கும் தைரியம் வரவில்லை.

அவனுக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அவன் பெண்டாட்டி பஞ்சவர்ணத்துக்குத்தான் குறை. அவளிடம் அரக்குக் கலரில் ஒரு பட்டுப் புடவை இருந்தது. மாதத்துக்கு ஒரு தடவை அதைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டு, சாயங்காலம் மடித்து உள்ளே வைப்பாள். கட்டிக்கொண்டு போக ஒரு கல்யாணம் வாய்க்கவில்லை. நாலு வீடு தள்ளி இருக்கிற கண்ணம்மாவின் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். நிச்சயதார்த்தத்துக்குத் தெருவையே கூப்பிட்ட கண்ணம்மா, இவர்கள் வீட்டு வாசலை மட்டும் குனிந்த தலையோடு தாண்டிப் போனாள். பஞ்சவர்ணம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் வீட்டில் இருக்க முடியாது என்பது துலுக்கானத்துக்குத் தெரியும்.

அதனால்தான் இந்த ரெண்டாவது கேசட். முழுக்க முழுக்கக் கல்யாணப் பாட்டு. மாப்பிள்ளை வருகிறதில் ஆரம்பித்துப் பெண் புருஷன் வீட்டுக்குக் கிளம்புகிற வரைக்கும் எட்டுப் பாட்டு, எல்லாம் அவனே கட்டியது. இது தைக்குள் வெளியே வந்தால், கல்யாணப் பாட்டுக்காரன் என்று பெயர் மாறும். கண்ணம்மா பத்திரிகையோடு படியேறுவாள். பஞ்சவர்ணத்தின் புடவைக்கு விடிவு பிறக்கும்.

ஆனால் பாட்டு வர வேண்டுமே.

நஜீர் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். பதினெட்டு வருஷமாக எதிரே ஒரு ஆள் படுத்திருக்கப் பாடியே பழகினவனுக்கு வெறுஞ்சுவரைப் பார்த்தால் எப்படி வரும் என்று அவருக்கே புரிந்தது. கீழே போய் ஒரு நீளத் தலையணையைக் கொண்டுவந்து, பெஞ்சில் கிடத்தி, வேட்டியால் போர்த்தினார்.

துலுக்கானம் அதைச் சுற்றி வந்து பார்த்தான். "இதுக்குப் பேரு இன்னா பாய்?"

"தலகாணிக்கு ஏதுப்பா பேரு?"

"பேரு இல்லாம எப்பிடிப் பாடறது?"

அப்போதுதான் கஜபதி வந்து சேர்ந்தான். பஞ்சவர்ணத்தின் தம்பி. இருபத்தெட்டு வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. முந்தின நாள் ரெண்டு ஷிஃப்ட் பார்த்தவன், அன்றைக்கும் வேலைக்குப் போவதாக அக்காவிடம் சொல்லிவிட்டு, ஸ்டூடியோ எப்படி இருக்கும் என்று பார்க்க மட்டம் போட்டு வந்திருந்தான். நஜீரும் துலுக்கானமும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"நானா? மாமா, எங்கக்காவுக்குத் தெரிஞ்சா நெஜமாவே என்னைப் பாடையில ஏத்திடும்."

"அர மணி நேரம் மச்சான். சும்மா படு. உங்கக்காவுக்காகத்தான் பாடறேன்."

கஜபதி படுத்தான். ஆனால் அவன் செத்தவன் மாதிரி இல்லை. மூக்கைச் சொறிந்தான். காலை ஆட்டினான். மெஷின் எப்படி ஓடுகிறது என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். துலுக்கானத்தின் தொண்டையில் பாதி தூரம் வந்த பாட்டு திரும்பி உள்ளே போய்விட்டது. சரி, முறையாகவே செய்துவிடுவோம் என்று ரெண்டு கால் கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டினார்கள். தாடைக்கு ஒரு துணி சுற்றினார்கள். நெற்றியில் ஒரு ரூபாயை ஒட்டினார்கள். மாலை ஒன்றுதான் குறை. நஜீர் கீழே ஓடினார்.

வாசலில் பூ விற்கிற வேம்புலியம்மாள் கேட்டாள், "சாமிக்கா பாய், மன்சாளுக்கா?"

"படுத்துகினு கீற ஆளுக்கு. பெருசா குடு."

"அடப்பாவமே. யாருக்குப் பாய்?"

அவசரத்தில் இருந்த நஜீர், "நம்ம துலுக்கானத்தோட மச்சான் இல்ல, கஜபதி, அவனுக்கு" என்று சொல்லிவிட்டு, மாலையை வாங்கிக்கொண்டு ரெண்டு ரெண்டு படியாகத் தாவி ஏறினார்.

மாலை விழுந்ததுதான் தாமதம், துலுக்கானம் கண்ணை மூடினான். மடை திறந்தது.

"கம்பெனியில சங்கூதும் நேரம், கன்னிப்பொண்ணு கழுத்துல தாலியேறும், மாப்ள கஜபதி..."

மூன்று பாட்டு மூச்சு விடாமல் போனது. நாலாவது பாட்டில் நஜீருக்கு ஹெட்போனில் மரம் அறுக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், ரெண்டு ஷிஃப்ட் பார்த்த உடம்பு குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. எழுப்பினால் மறுபடியும் காலை ஆட்டுவான். நஜீர் மெதுவாகப் போய்த் தாடைத் துணியை இன்னும் இறுக்கிக் கட்டி, தலையை நேராக வைத்தார். குறட்டை நின்றது. இப்போது கஜபதியைப் பெற்ற தாயே பார்த்தாலும் உயிர் இருப்பதாகச் சொல்ல மாட்டாள். துலுக்கானத்தின் பாட்டு இன்னும் உருகியது.

அடுத்தது புழுக்கம். ஜமுக்காளத்துக்குள் வெந்துபோன துலுக்கானத்துக்குச் சுருதி இறங்கியது. அவன் மயங்கி விழுந்தால் மெஷின் வாடகை வீண் என்று நஜீர் மாடிக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

காற்று உள்ளே வந்தது. பாட்டு தெருவுக்குப் போனது.

அந்த நேரம் பார்த்துப் பஞ்சவர்ணம் சாப்பாட்டுக் கேரியரோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். புருஷன் பாடுகிற அன்றைக்குச் சாம்பார் சாதமாவது சூடாகச் சாப்பிடட்டும் என்று வந்தவள். வேம்புலியம்மாள் அவளைக் கண்டதும் பூக்கூடையைத் தள்ளிவிட்டு எழுந்து, கையைப் பிடித்துக்கொண்டு, மனதைத் தேற்றிக்கொள்ளச் சொன்னாள். எதற்கு என்று பஞ்சவர்ணம் கேட்டாள். கஜபதிக்காகத் தன் கையால் மாலை கட்டிக் கொடுத்த கதையை வேம்புலியம்மாள் சொன்னாள்.

பஞ்சவர்ணம் நம்பவில்லை. தம்பி ஷிஃப்ட்டுக்குப் போயிருக்கிறான் என்றாள். அப்போதுதான் மேலேயிருந்து புருஷனின் குரல் காதில் விழுந்தது. பிணம் இல்லாமல் அந்த மனுஷனுக்கு அப்படிக் குரல் வராது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? பாட்டில் தம்பியின் பெயர் வந்தது. அதுவும் கல்யாணப் பாட்டு. கல்யாணம் ஆகாமல் செத்தவனுக்குக் கல்யாணப் பாட்டு பாடி அனுப்புவதுதானே வழக்கம். கேரியரோடு படியேறினாள். பின்னாலேயே வேம்புலியம்மாள், பூ வாங்க வந்த மூன்று பெண்கள், எதற்கென்று தெரியாமல் இன்னும் ரெண்டு பேர்.

மாலையும் துணியும் ஒற்றை ரூபாயுமாகத் தம்பி கிடந்தான். பஞ்சவர்ணம் மாரில் அடித்துக்கொண்டு அழுத அழுகையில் ஜமுக்காளம் ஆடியது. கூட வந்த ஆறு பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

துலுக்கானம் கண்ணைத் திறக்கவில்லை. பதினெட்டு வருஷப் பழக்கம் அது. பெண்கள் அழுதால் பாட்டுக்காரன் ஒரு படி ஏற வேண்டும், அவ்வளவுதான். அவன் ஏறினான். கடைசிப் பாட்டு அது, பெண் புருஷன் வீட்டுக்குக் கிளம்புகிற பாட்டு. நஜீர் சத்தம் கேட்டுத் திரும்பினார். ஸ்விட்சில் வைத்த விரல் நகரவில்லை. துலுக்கானம் மூடிய கண்ணோடு எந்த உலகத்தில் இருந்தானோ. கஜபதி சாகவில்லை என்று புத்தியோடு தெரிந்திருந்த ஒரே ஆள் நஜீர்தான். அவரே ஹெட்போனோடு உட்கார்ந்து அழுதார்.

பாட்டு முடிந்தது. பஞ்சவர்ணம் தம்பியின் மார்மேல் விழுந்தாள். கஜபதி விழித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான்.

கூட வந்தவர்கள் அலறிக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் மாடிப்படி அன்றைக்கு உடையாமல் தப்பியது கட்டினவன் கைராசி. கஜபதியும் ஓடப் பார்த்தான், கட்டைவிரல்கள் கட்டியிருந்ததால் குப்புற விழுந்தான். பஞ்சவர்ணம் தம்பியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், கேரியரைப் பார்த்தாள். தலையில் வந்து விழுந்த சாம்பார் சாதம் சூடாகத்தான் இருந்தது என்று கஜபதி பிறகு எல்லாரிடமும் சொன்னான்.

ஆறு மணிக்கு மெஷின் போய்விட்டது. டேப்பைக் கேட்டால், கடைசிப் பாட்டு முழுக்க அழுகை.

"இத்தத் தூக்கிப் போட்டுடு பாய்," என்றான் துலுக்கானம். "கல்யாணக் கேசட்டுல ஒப்பாரி வெச்சான்னு கல்லால அடிப்பானுங்க."

"அட்டை அடிச்சாச்சு. உன் போட்டோ போட்டு, ரோஜாப்பூ போட்டு. போனது போவட்டும்."

மார்கழி பிறந்ததும் கேசட் வந்தது. துலுக்கானம் லோடு ஏற்றிவிட்டு நேராக வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டான். பஞ்சவர்ணம் அவனோடு பேசவில்லை. பட்டுப் புடவையை அந்த மாதம் வெயிலில்கூடப் போடவில்லை. கேசட் நன்றாகப் போகிறது என்று நஜீர் சொல்லி அனுப்பியதை அவன் நம்பவில்லை.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது கதவு தட்டப்பட்டது. வெளியே கண்ணம்மா, கையில் தாம்பாளம். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, குங்குமம், மஞ்சள் தடவின பத்திரிகை. உள்ளே வந்து பஞ்சவர்ணத்தின் நெற்றியில் தானே குங்குமம் வைத்தாள். எல்லாரும் முதல் நாளே வந்துவிட வேண்டும் என்றாள். பஞ்சவர்ணத்தின் கண் புடவைப் பெட்டிப் பக்கம் போனது. துலுக்கானத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஒரு மாதமாக வராத சிரிப்பு வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, மாப்பிள்ளை வரும்போது எந்தப் பாட்டு, தாலி கட்டும்போது எந்தப் பாட்டு என்று பெருமையாகக் கேட்டான்.

கண்ணம்மா அவனைத் தாண்டிப் போய்ப் பஞ்சவர்ணத்தின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"பாட்டுக்குத்தான் ரேடியோசெட்டுக்காரன் கீறானேண்ணா, அத்த வுடு. அந்தக் கடைசிப் பாட்டுல அழுவுறது நீதானேக்கா, தண்ணி லாரிகிட்ட தெனம் நீ கத்துற குரலு எனக்குத் தெரியாதா? பொண்ண அனுப்புற ஊட்டுல அப்பிடித்தான் அழுவணும்னு ஊரே அத்தத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேக்குது. எம் பொண்ணு போடற சண்டைக்கு அவ எப்போ கெளம்புவான்னு கீது எனக்கு, கண்ணுல ஒரு சொட்டு வராது. கார் ஏறும்போது மட்டும் நீ எம் பக்கத்துல வந்து நில்லுக்கா."