கோட்டுப் போட்ட உழவர்

வட ஆற்காடு ஜில்லாவில் மனிதர்கள் எப்படி உடுத்தினாலும் சர்க்கார் பொறுத்துக்கொள்ளும். பாலபாடத்தில் அச்சாகும் மனிதர்கள் மட்டும் கௌரவமாக உடுத்தியாக வேண்டும். இதைக் கண்காணிக்க வேலூரில் ஒரு கமிட்டி இருந்தது.

ஆம்பூர்ப் பள்ளிக்கூடத்தின் தற்காலிக டிராயிங் மாஸ்டர் தானியேல், 'உ – உழவன்' படத்தோடு அந்தக் கமிட்டியின் முன் நின்றார். படம் பாஸானால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் அன்று சாயங்காலத்தோடு சரி.

உழவன் கோவணத்தோடு ஏர் பிடித்திருந்தான். தானியேல் பாலாற்றங்கரையில் பார்த்தவர்கள் அப்படித்தான் இருந்தார்கள்.

"கௌரவம் எங்கே?" என்றார் தலைவர் ராவ் சாகிப் சுப்பராயன்.

"எது கௌரவம் என்று சொன்னால் வரைந்துவிடுகிறேன், சார்."

யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. வெகுநேரம் ஆலோசித்துத் தீர்மானம் நிறைவேற்றினார்கள்: எந்த உடையில் வந்தால் இந்த ஆபீசுக்குள் விடுவார்களோ, அதுவே கௌரவமான உடை. விடுவதும் விடாததும் வாசல் சேவகர் வேலாயுதத்தின் இலாகா. அவரை அழைத்துப் படத்தைக் காட்டினார்கள்.

"இவனை உள்ளே விடுவாயா?"

"தொரத்திடுவேன் சார்."

தானியேல் வேட்டியும் சட்டையும் வரைந்தார்.

"நாளைக்கு வான்னு சொல்வேன்."

கோட்டும் தலைப்பாகையும் ஏறின. இதற்குமேல் அவனை 'அவன்' என்பது முறையல்ல.

கமிட்டி அங்கத்தினரான தோல் வியாபாரி முனீர் அகமது சாயபு குனிந்து பார்த்தார். "இவ்ளோ தோல் பதம் போடுற சீமையில வெறுங்காலா மாஸ்டர்? நம்ம மானம் போவுது."

பூட்ஸ் ஏறியது. பூட்சுக்குப் பொருத்தமாக வேட்டி நிஜாரானது.

"ஆளு சரி," என்றார் வேலாயுதம். "ஏரையும் மாட்டையும் வெளிய வுட்டுட்டு வரணும்."

ஏர் அழிந்தது, மாடுகள் அழிந்தன. காலியான கையில் ஒரு பிரம்பு கொடுத்தார் தானியேல்.

"சலாம் போட்டுடுவேன் சார்."

"இவர் உழவர் என்று எப்படித் தெரியும்?" என்று தானியேல் மெல்லக் கேட்டார்.

"அதுதான் கீழே எழுதியிருக்கிறதே," என்றார் ராவ் சாகிப்.

படம் பாஸ். தீர்மானம் அந்த நிமிஷமே அமலுக்கு வந்தது. தானியேலின் உத்தரவு டைப்பாகி மேசைக்கு வந்தது, கையெழுத்துதான் பாக்கி. வேலூர் வெயில். கனவான்கள் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, தானியேலையும் கூட்டிக்கொண்டு, வேப்பமர நிழலில் மோர் குடிக்கப் போனார்கள்.

திரும்பியபோது வேலாயுதம் வாசலை மறித்து நின்றார்.

"தப்பா நெனைக்காதீங்க எஜமான். வெறும் சட்டைன்னா நாளைக்குத்தான்."

"கோட்டு உள்ளே இருக்கிறதய்யா."

"அத்தப் போட்டுக்கினு வாங்க, சலாம் போடறேன்."

"நீயே போய் எடுத்து வா."

"நான் நவுந்தா கண்டவனும் உள்ள பூந்துடுவானே, எஜமான்?"

தீர்மானத்தை ரத்து செய்யலாம் என்றார் சாயபு. செய்யலாம்தான், ஆனால் கமிட்டி ஆபீசுக்குள் கூடினால்தான் அது கமிட்டி. வெளியே கூடினால் சட்டை போட்ட சில பேர்.

பொழுது சாய்ந்தது. தானியேல் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். மேசைமேல் அவருடைய உத்தரவு கையெழுத்தில்லாமல் கிடந்தது. அதன்மேல், உள்ளே இருக்கத் தகுதியுள்ள ஒரே மனிதராக, பூட்ஸ் காலை ஊன்றி நின்றிருந்தார் உழவர்.