கொஞ்சம் இங்க வாம்மா

அலுவலகம் என்று ஒன்று இருந்தால் அதில் ஓர் அனுபவஸ்தர் இருந்தே தீருவார். தேடி அலைய வேண்டாம். காதைத் தீட்டிக்கொண்டு நடைபாதையில் சற்று நில்லுங்கள். ஏதாவது ஓர் அறையிலிருந்து "கொஞ்சம் இங்க வாம்மா" என்று ஒரு குரல் வரும். அவர்தான்.

புதிய கருவி எது வந்தாலும் அனுபவஸ்தர் எதிர்க்க மாட்டார். எதிர்ப்பதற்கும் அதைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டுமே! முதல் ஆளாக வரவேற்பார். கூட்டத்தில் எழுந்து "காலத்துக்கேத்த மாதிரி நாம மாறணும்" என்று முழங்குவார். கைதட்டலை வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பி, நாற்காலியைச் சற்றே பின்னால் தள்ளி, மேசை முன்னால் இன்னொருவர் நிற்க இடம் விட்டு, பிறகு குரல் கொடுப்பார். வந்தவள் நின்றபடியே தட்டுவாள். இவர் உட்கார்ந்தபடியே திரையை விரலால் காட்டி, "அதை... அங்க... ஆங், அதேதான்" என்பார். வேலை முடிந்தது. செய்தது யார்? அவர்தான், அதில் என்ன சந்தேகம்?

எனக்குத் தெரிந்த அனுபவஸ்தர் சரக்கு லாரி நிறுவனம் ஒன்றில் பிரிவுத் தலைவர். எந்த லாரி எந்த வழியாகப் போக வேண்டும் என்ற திட்டத்தை அவர் பெயரில் போட்டுக்கொடுத்தவள், அவருக்குக் கீழே துணை அதிகாரியாக இருந்த ஒரு பெண். அவளுடைய அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். அவள் இரண்டு வருடம் விடுப்பில் போனாள். அந்த இரண்டு வருடமும் அனுபவஸ்தர் வேறு சிலரைக் கூப்பிட்டுப் பார்த்தார். கூப்பிடப்பட்டவர்கள் ஒவ்வொருவராக வேறு பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடினார்கள்.

அப்பா காலமான பிறகு அவள் திரும்பி வந்தாள். பழைய பதவியைக் கொடுப்பதா, பயிற்சி ஊழியர் என்று கடைசி நாற்காலியில் உட்காரவைப்பதா? நீண்ட விடுப்பில் போனவர்களின் திறமை துருப்பிடித்திருக்கிறதா என்று பிரிவுத் தலைவர் பரிசோதித்து, முடிவை அன்றைக்கே கணினியில் பதிய வேண்டுமாம். பரிசோதிப்பவர் யார் பார்த்தீர்களா? வயிறு எரிகிறது அல்லவா? எனக்கும் எரிந்தது.

"ரெண்டு வருஷமா என்னம்மா பண்ணிட்டிருந்தே?"

"அப்பாவைப் பாத்துக்கிட்டேன் சார். படுத்த படுக்கையா இருந்தார்."

"பாவம். ஆனா வேலைன்னு ஒண்ணும் பண்ணல."

அவள் அப்பாவைத் தூக்கித் தூக்கித் திருப்பிப் படுக்கவைத்த கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இங்க எல்லாமே மாறிப்போச்சும்மா. போன மாசம் புது சாஃப்ட்வேர் வந்திருக்கு. நாங்கல்லாம் அதுலயே ஊறிட்டோம். உனக்கு டச் விட்டுப்போச்சு. ட்ரெய்னியா ஆரம்பிச்சிடு, என்ன?"

ஊறினாராம்! ஊறுவதற்குத் தண்ணீர்ப் பக்கமாவது போக வேண்டாமா?

தீர்ப்பைப் பதியக் கணினிப் பக்கம் திரும்பினார். திரை எதையோ கேட்டது. ஒரு விரலால் ஒன்றை அழுத்தினார். அது இன்னொன்றைக் கேட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். திரை அப்படியே இருந்தது. கதவைத் திறந்து யாரையாவது கூப்பிடலாம் என்று பார்த்தார். வெளியே ஈ காக்கை இல்லை. பிரிவு முழுக்க அந்தப் புது சாஃப்ட்வேருக்கான பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தது. இவர் ஏன் போகவில்லை? இவருக்குத்தான் அனுபவம் இருக்கிறதே!

திரும்பி வந்து உட்கார்ந்தார். நாற்காலியைச் சற்றே பின்னால் தள்ளினார்.

"கொஞ்சம் இங்க வாம்மா."

அவள் எழுந்திருக்கவில்லை.

"எனக்குத்தான் டச் விட்டுப்போச்சே, சார்."

அனுபவஸ்தர் அசடு வழிந்தார். "அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதும்மா. இன்னிக்கே பதியணும். இல்லேன்னா மேலிடத்துல என்னைக் கேப்பாங்க."

"என்னன்னு பதியணும் சார்?"

நெற்றியைத் துடைத்துக்கொண்டார். திரையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

"பழைய பதவியே... போட்டுடு."

அப்போதுதான் எழுந்து வந்தாள். ஆனால் மேசை முன்னால் நிற்கவில்லை. "கொஞ்சம் எழுந்திருங்க சார்" என்று அவரை எழுப்பிவிட்டு, அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் இருந்ததை மேலிருந்து கீழே நிதானமாக ஒருமுறை படித்தாள். படிக்கத்தான் வேண்டியிருந்தது, வேறொன்றும் இல்லை. பதிந்துவிட்டு வீட்டுக்குப் போனாள். "நான்தான் பாவம்னு பார்த்து அவளுக்குப் பழைய பதவியைக் கொடுத்தேன்" என்று அனுபவஸ்தர் மாலையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். நீங்கள் லாரி நிறுவனத்தில் இல்லை, பிரிவுத் தலைவரும் இல்லை. கைபேசியில் எதையோ அனுப்பத் தெரியாமல் நேற்று பக்கத்து அறையிலிருந்து மகளையோ மருமகளையோ கூப்பிட்டீர்கள், அவ்வளவுதானே? கூப்பிட்டதும் வந்தாளே, அப்போது அவள் எந்த வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தாள் என்று கேட்டீர்களா?