சர்வேயர் வருவதற்குள் சுத்தம்

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். நான் வேலை பார்த்த தங்க மைன்ஸ் மூடியபோது ஊரே பெங்களூர் ரயிலில் ஏறியது, நான் ஏறவில்லை. எங்கள் சாம்பியன் ரீப்ஸிலேயே பன் சுட ஆரம்பித்தேன். அடுப்பு நான் கட்டியது. கடை நான் கட்டியது. மாடி வீடு, மகளின் இன்ஜினியரிங் படிப்பு, தெருமுனைக் குழாயடி மேடை எல்லாம் இந்தக் கையால் வந்தவை. நான் கட்டாதது இன்சூரன்ஸ் மட்டும்தான்.

கடைக்கு அதையும் கட்டியே தீரவேண்டும் என்றாள் மகள். புரோக்கர்களுக்கு இன்டர்வியூ வைத்தேன். (நாற்காலி எனக்கு மட்டும்தான்.) முதலில் வந்தவர் வணக்கம் சொன்ன கையோடு என் சாவைப் பற்றிப் பேசினார். அனுப்பிவிட்டேன். அடுத்து வந்தவள் பக்கத்து ஏரியா கோரமண்டலைச் சேர்ந்த பிரேமா. என் வாழ்க்கை வரலாறு முழுவதையும் பக்தியோடு அண்ணாந்து பார்த்தபடியே கேட்டாள். அவளையே தேர்ந்தெடுத்தேன். அவள் பார்த்தது கூரை ஷீட்டின் விரிசலை என்பது பிறகுதான் தெரிந்தது.

பாலிசி வந்த அன்று சொன்னாள்: “அங்கிள், ஏதாவது ஆச்சின்னா மொதல்ல எனக்குப் போன் பண்ணுங்க. கம்பெனி சர்வேயர் வந்து நஷ்டத்தப் பாக்குற வரைக்கும் ஒரு கல்லைக்கூட நகத்தாதீங்க.”

“இன்னாம்மா, எனக்கே பாடமா?” என்றேன்.

ஒரு மழைநாள் மத்தியானம் பக்கத்து யூகலிப்டஸ் மரம் கூரையோடு கடைக்குள் வந்து உட்கார்ந்தது. நல்லவேளை, உள்ளே ஆளில்லை. மாவு பிசையும் மிஷின் நசுங்கிவிட்டது. அது இல்லாமல் ஒரு பன்கூட வெளியே வராது. புதிது வாங்க கிளெய்ம் ஒன்றே வழி.

ஆனால் சுரங்கத்தில் பாறை சரிந்தால் எங்களுக்குத் தெரிந்த சட்டம் ஒன்றுதான்: பேசாதே, அள்ளு. என் பழைய ஷிப்ட் ஆட்களைக் கூப்பிட்டேன். முட்டிவலிக்காரப் பென்ஷன்காரர்கள் கடப்பாரையைக் கண்டதும் வாலிபர்களாகிவிட்டார்கள். இருட்டுவதற்குள் கடையைக் கழுவி, புது ஷீட்டு போட்டு, கற்பூரமும் காட்டியாயிற்று. பிறகுதான் பிரேமாவுக்குப் போன் செய்தேன், பாராட்டு வாங்க.

மறுநாள் சர்வேயரோடு வந்தாள். பளபளத்த கடையைப் பார்த்துவிட்டு அவர் கன்னடத்தில் கேட்டார்: “நஷ்ட எல்லி?” (நஷ்டம் எங்கே?)

“நஷ்டத்த நாங்க ராத்திரிக்கு வெச்சிக்கிறதில்ல சார்” என்றேன் பெருமையாக.

பிரேமாவின் முகம் மாறியது. “மரம் எங்க அங்கிள்?”

“வெறகாயிடுச்சி.”

“ஷீட்டு?”

“ஊரிகம் ரோட்டுல ஒரு பள்ளம். ரொப்பிட்டோம். பொதுச்சேவை.”

“மிஷினு?”

“பழைய இரும்புக்காரன் எத்துனு போயிட்டான்.”

“அப்படியே இவரையும் சேத்து எத்துனு போயிருக்கலாம்” என்றாள் என் மனைவி கனகா.

பிரேமா முந்தானையை இழுத்துச் செருகினாள். இரும்புக்கடையில் ஓங்கிய சம்மட்டிக்குக் கீழேயிருந்து மிஷினை மீட்டாள். புதைத்த அதே ஷிப்ட் ஆட்களையே பள்ளத்தைத் தோண்ட வைத்தாள். தங்கம் எடுத்த கைகள் ஷீட்டுத் துண்டுகளை எடுத்தன. (நான் மேற்பார்வை.) சர்வேயர் குடைபிடித்தபடி ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்தார். மிஷினுக்குக் கிளெய்ம் வந்தது. கூரைக்கு யோசிக்கிறோம் என்றார்கள், இன்னும் யோசிக்கிறார்கள்.

இப்போது வீட்டில் டம்ளர் விழுந்து உடைந்தால் பேரன் கத்துகிறான்: “யாரும் தொடாதீங்க, சர்வேயர் வரணும்!” பிரேமாவோ மைன்ஸ் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் போய், “சாம்பியன் ரீப்ஸ்ல ஒரு அங்கிள் இருக்காரு...” என்று ஆரம்பித்தாலே ஜனங்கள் கையெழுத்துப் போடுகிறார்களாம். சிறந்த புரோக்கர் என்று ஷீல்டு வேறு கொடுத்திருக்கிறார்கள்.

கொடுக்கட்டும். ஆனால் ‘ஒரு அங்கிள்’ என்றால் யாருக்குத் தெரியும்? அத்தனை நஷ்டத்தையும் ஒரே நாளில் காணாமல் செய்தவன் நான். அந்த ஷீல்டில் அவள் பெயருக்குக் கீழே கொஞ்சம் இடம் காலியாக இருக்கிறது, பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அங்கே ‘பேக்கரி மாணிக்கம்’ என்று பொறிக்கவேண்டும். பெரிய எழுத்தில்.