சிரிக்காத படம்

"சிரிக்காதீங்க அக்கா," என்றார் போட்டோக்காரர், நான்காவது முறையாக.

"நான் எங்க தம்பி சிரிக்கிறேன்? உதடு தானா போகுது," என்றாள் தையல்காரி.

அவள் கழுத்துக்குள் கால்சியத்தைக் கட்டி மேய்க்க வேண்டிய நாலு குட்டிச் சுரப்பிகளும் பிறவிச் சோம்பேறிகள். அது தெரிந்ததே நான்கு வருடங்களுக்கு முன்புதான். அன்றிலிருந்து அந்த வேலையை மாத்திரைகள் பார்க்கின்றன. இன்றைய அவசரத்தில் மதிய மாத்திரை மறந்துபோயிற்று. விரல் நுனிகளில் எறும்பு ஊர்ந்தது. மேலுதட்டின் இடது ஓரம் வெட்டி வெட்டி இழுத்தது.

எதிரிலிருந்த பாஸ்போர்ட் அலுவலகம் நான்கு மணிக்கு மூடிவிடும். இன்று புதுப்பிக்கக் கொடுக்காவிட்டால், கடல் தாண்டி இருக்கும் தங்கையின் பிரசவத்துக்குப் போய்ச் சேர முடியாது. சிரித்த முகத்தை அங்கே வாங்கமாட்டார்கள். பத்து வருடங்களுக்கு முன்பு, பழைய பாஸ்போர்ட் எடுத்தபோது, இந்தக் கெடுபிடியெல்லாம் இல்லை.

"எல்லாம் பதட்டம்தான். மூச்சை நல்லா வேகமா இழுத்து விடுங்க."

இழுத்து விட்டாள். இருபதாவது மூச்சில் உதட்டுக்குத் துணையாக விரல்களும் குவிந்துகொண்டன.

"இப்ப எதுக்குக்கா உப்பு தூவுறீங்க?"

"நகருங்க தம்பி, நான் பாக்குறேன்," என்று கணவர் வந்தார். உதட்டை அடக்குகிறேன் பேர்வழி என்று அவள் காதோரக் கன்னத்தில் விரலால் தட்டினார். தட்டத் தட்ட உதடு துள்ளியது.

"டாக்டர் என் வியாதியைக் கண்டுபிடிச்சதே இப்படித் தட்டித்தான். நீங்க அதையே வைத்தியம் ஆக்குறீங்களா?"

"சரி, மாத்திரை எங்க?"

"உங்க சட்டைப் பையிலதான். காலையில நானே போட்டு வெச்சேன்."

கணவர் பையைத் தடவிப் பார்த்து அசடு வழிந்தார்.

அவர் நீட்டிய மாத்திரையை மென்றாள். அரை மணி நேரம் மற்ற இருவரும் அவள் உதட்டையே பார்த்திருந்தார்கள். எறும்புகள் ஒவ்வொன்றாக வீடு திரும்பின. கடலடியில் தூங்கும் கப்பலைப் போல முகம் அமைதியானது. போட்டோக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு படமெடுத்தார். கற்சிலை பொறாமைப்படும் படம். கணவர் கூத்தாடாத குறை.

மணி மூன்று ஐம்பது. பாஸ்போர்ட் கவுண்டரிலிருந்த அதிகாரி அம்மா பழைய பாஸ்போர்ட்டைப் பார்த்தார், புதுப் படத்தைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"முகம் ஒத்துப்போகலையேம்மா. பழைய படத்துல உதடு இடது பக்கம் லேசா ஏறியிருக்கு. எங்க, ஒரு தடவை அப்படி வெச்சுக் காட்டுங்க."