மச்சான் ஏரியில் மூழ்கிய விவரம்

ஆவடி

அன்புள்ள மச்சான் டில்லிபாபுவுக்கு உன் மாமா உலகநாதன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா அனுசுயாவும் எழிலும் நலம். நீ நூறு வயது வாழ வேண்டும். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, மனமறிந்து எழுதுகிறேன். காரணம் கீழே வருகிறது. போனில் சொன்னால் நடுவில் கத்துவாய் என்பதால்தான் ஸ்பீட் போஸ்ட்.

நம் எழில் பன்னிரண்டாவது முடிக்கப்போகிறாள் அல்லவா. வடக்கே ஒரு கல்லூரி, ஆயிரம் பேர் விண்ணப்பித்தால் முப்பது பேரைத்தான் எடுப்பார்களாம், எடுத்துவிட்டால் படிப்பும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. அவளுக்கு வாய்ப்பு எப்படி என்று கேட்க, வேலப்பன்சாவடியில் மருந்துக்கடை மாடியில் இருக்கும் விக்ரம் என்கிற ஆலோசகரிடம் மூன்று பேரும் போனோம். மீசை இப்போதுதான் முளைத்திருக்கிறது. மார்க் ஷீட்டைப் பார்த்தார், லேப்டாப்பில் தட்டினார், “பதினோரு பர்சன்ட் சான்ஸ், அங்கிள்” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஃபேக்டரியில் இருபத்தாறு வருஷமாக டர்னராக இருக்கிறேன், பதினோரு பர்சன்ட் பொருந்துகிற போல்ட்டைப் பார்த்ததில்லை. “மார்க் எல்லார்கிட்டயும் கீது அங்கிள். கட்டுரைதான் மேட்டர். இன்னா கஷ்டம் பட்டா, அதுலருந்து எப்டி எழுந்து வந்தா, அதத்தான் பாக்கறாங்க” என்றார். வீட்டுக்குள் வெள்ளம் வந்ததைச் சொன்னேன். சென்னைப் பிள்ளைகள் எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்களாம். லேத்தில் நுனி போன என் விரலைக் காட்டினேன். அது என் கஷ்டமாம், அவள் கணக்கில் வராதாம். “இந்த ஆளைக் கட்டிக்கினு இருவது வருசமா குப்ப கொட்றனே, அத்த எழுதுப்பா” என்றாள் உன் அக்கா. அந்தத் தம்பி யோசிக்க வேறு செய்தார்.

பிறகு, நெருங்கின சொந்தத்தில் யாராவது சமீபத்தில் தவறிப்போனார்களா என்று கேட்டார். நம் குடும்பத்தில் யாரும் அந்த உதவியைச் செய்திருக்கவில்லை. உன் பெயரைச் சொன்னது நானில்லை மச்சான், உன் அக்கா. “தம்பி ஓசூர்ல கீறான், இங்க யாருக்குத் தெரியப் போது” என்றாள். லேப்டாப் முப்பத்து நாலு காட்டியது. மாரடைப்பெல்லாம் எடுபடாதாம், அதனால் பருத்திப்பட்டு ஏரியில் ஒரு நாய்க்குட்டியைக் காப்பாற்றப் போய் நீ மூழ்கினாய். நாற்பத்தொன்று. கணுக்காலுக்கு மேல் நீ தண்ணீரில் இறங்கியதே இல்லை என்பதை நான் சொல்லவில்லை. “காலைலதான் மாமா எனக்கு மீம் அனுப்பிச்சாரு” என்றாள் எழில். அவள் பேச்சு யார் காதிலும் விழவில்லை. எனக்கு அந்த நாற்பத்தொன்று மட்டும்தான் கண்ணில் தெரிந்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பள்ளிக்கூடத்தில் சிபாரிசுக் கடிதம் தரவேண்டிய இருதயராஜ் சாருக்கும் விக்ரம் தான் தட்டி முடித்த அந்தக் கட்டுரையை அனுப்பிவிட்டார். சார் தங்கமான மனுஷர். மறுநாள் காலைப் பிரேயரில் உனக்காக ஒரு நிமிட மௌனம். எண்ணூறு பிள்ளைகள் நின்றார்களாம், எழிலும் அதில் தலை குனிந்து நின்றிருக்கிறாள். சாயங்காலம் சார் துக்கம் விசாரிக்க வந்தார். உன் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மேஜைமேல் இருந்த அவள் போனில் வீடியோ கால், நீதான். சாரே நல்லெண்ணத்தில் எடுத்து நீட்டினார். “இன்னாக்கா, டீ குட்ச்சியா” என்றாய். “பழைய வீடியோ சார்” என்றாள் அவள். “யாருக்கா அது” என்று பழைய வீடியோ கேட்டது.

சார் டம்ளரைக் கீழே வைத்தார். “எழில் பொய் சொல்லாத பொண்ணுன்னு நான் ஏற்கெனவே எழுதி அனுப்பிட்டேன். இப்ப நான் என்ன செய்யட்டும்?” என்று என்னைத்தான் கேட்டார். வாசல்வரை போய் அவர் செருப்பை எடுத்து நேராக வைத்தேன், அவ்வளவுதான் செய்ய முடிந்தது. எழில் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றுதான் கடைசித் தேதி. அனுப்பிவிட்டேன் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னாள். என்னோடு பேச்சில்லை.

ஆகையால் மச்சான், முடிவு வரும்வரை ஆவடிப் பக்கம் வராதே. வாட்ஸ்அப்பில் உன் படத்தை எடுத்துவிட்டுப் பூ ஏதாவது வை. நாய்க்குட்டியைப் பற்றி யார் கேட்டாலும் தெரியாது என்று சொல். உன் வீட்டுக்காரி, என் தங்கச்சிக்கு விஷயத்தைப் பக்குவமாக எடுத்துச் சொல். உன் குடும்பத்துக்கு ஒரு குறையும் வராமல் முண்டகக்கண்ணி அம்மன் பார்த்துக்கொள்வாள்.

இப்படிக்கு,
உன் மாமா உலகநாதன்

பி.கு: கவரை ஒட்டுவதற்கு முன் எழில் இதைப் படித்துவிட்டாள். உன் சாவை அன்றைக்கே அழித்துவிட்டாளாம். பதினொன்றை நாற்பத்தொன்றாக்க அப்பாவும் அம்மாவும் சேர்ந்து மாமாவை ஏரியில் தள்ளியதை, சார் வந்து போனதுவரை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறாள். விக்ரமிடம் கேட்டேன், ரெண்டு பர்சன்ட் என்றார். இன்று காலை மெயில் வந்திருக்கிறது, நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். முடிந்தால் அந்த மாமாவையும் கேமரா முன்னால் பார்க்க ஆசையாம். அதனால் வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கெல்லாம் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வந்துவிடு. எது கேட்டாலும் உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் சொல், மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.